குங்கிலியம் முதல் அக்ரிலிக் வரை

பொதட்டூர்பேட்டைப் பக்கத்துக் கரம்பில் பூத்திருக்கும் ஆவாரம்பூவைப் பறித்து வைத்தால் மறுநாளே வாடிவிடுகிறது. அதன் உருவம் குலையாமல் பல்லாண்டுகள் காக்க இயலுமா? இயலும் என்பதற்கு இயற்கையே சான்று தந்துள்ளது.

மரத்திலிருந்து கசியும் பிசினில் சிக்கும் பூச்சியும் பூவும், பிசின் இறுகி மண்ணில் புதைந்து அம்பராகும்போது, அதனுள்ளேயே தங்கிவிடுகின்றன. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த அம்பரைப் பற்றி 2010-இல் ஆய்வறிக்கை வெளியாயிற்று. அதன் வயது சுமார் 5 கோடி ஆண்டுகள். குங்கிலியம் தரும் மரக் குடும்பமே அதைக் கசியவிட்டது.

இந்த வித்தையை மனிதன் செய்துபார்க்க நிறம் இல்லாத, தெளிந்த பொருள் தேவைப்பட்டது. 1930-களில் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அக்ரிலிக் கண்ணாடி விற்பனைக்கு வந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் உயிரியல் மாதிரிகளைப் பதிக்கும் முறையை 1937-இல் ஹிப்பன் என்ற அமெரிக்கர் 'சயன்ஸ்' இதழில் விவரித்தார்.

முறை என்ன? மீதைல் மெதாக்ரிலேட் என்னும் நீர்மத்தின் மூலக்கூறுகள் சங்கிலிபோல் இணைந்து திண்மமாகின்றன. இங்கே மூன்று இடையூறுகள் உண்டு. முதலாவது நீர். செடியில் ஈரம் மிஞ்சினால் கட்டி வெண்மையாகக் கலங்கும். ஆகவே முதலில் செடியை நன்றாக உலர்த்துகிறார்கள். இரண்டாவது காற்று. உலர்ந்த இதழின் நுண்ணறைகளில் உள்ள காற்றை, நீர்மத்தில் அமிழ்த்தி அழுத்தத்தைக் குறைத்து வெளியேற்றுகிறார்கள். மூன்றாவது வெப்பம். வினை நிகழும்போது வெப்பம் வெளிப்படும். நீர்மமோ ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் கொதித்துக் குமிழியிடும். பருமனும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். எனவே பாதி இறுகிய பாகினை மெல்லிய அடுக்குகளாக, பொறுமையாக வார்க்கிறார்கள். இந்நீர்மம் எளிதில் தீப்பற்றும், வீட்டில் செய்யத்தக்கதன்று.

ஒரு வேடிக்கையையும் காணலாம். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, செல் சுவரின் எண்ணும் இதற்கு அருகில் உள்ளது. காற்று இருந்த இடத்தை அக்ரிலிக் நிரப்பியதும் ஒளிச்சிதறல் குறைகிறது. எண்ணெய் பட்ட காகிதம் போல மெல்லிய இதழ் பளிச்சென்று ஊடு தெரியத் தொடங்குகிறது! இலைப்பச்சையோ வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். உருவம் நிற்கும், நிறம் நிற்பது உறுதியில்லை.

அப்படியானால் அரிய செடிகளையெல்லாம் அக்ரிலிக்கில் பதித்துவிடலாமா? கூடாது. வகுப்பறையில் கைக்குக் கை மாற்றிப் பார்க்க அக்ரிலிக் கட்டி மிகவும் ஏற்றது. ஆனால் உள்ளே உள்ள மலரைப் பிரித்து மகரந்தத்தை ஆராய்வது எளிதன்று. கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் காப்பகத்தில் இருப்பவை தாளில் ஒட்டிய உலர்செடிகளே. அவற்றை இன்றும் எடுத்து ஆராயலாம், மரபுப்பொருளைக்கூடப் பிரித்தெடுக்கலாம்.

மாணவர்களே, புதிய செடி ஒன்றைக் கண்டால் முதலில் அதைச் செய்தித்தாளிடையே அழுத்தி உலர்த்துங்கள். கிடைத்த ஊரையும் நாளையும் மறவாமல் குறித்து வையுங்கள்.