பனைநீரும் விடிலி அடுப்பும்



கனடா நாட்டின் கொடியிலே ஓர் இலை பொறிக்கப்பட்டிருப்பதை நீங்கள் படங்களில் கண்டிருப்பீர்கள். 1965 ஆம் ஆண்டில் ஏற்கப்பெற்ற அக்கொடியில் விளங்குவது மேப்பிள் என்னும் மரத்தின் இலையாகும். குளிர்காலம் முடியும் தறுவாயில், இரவில் நீர் உறைந்து பகலில் உருகும் நாட்களில், அம்மரத்தின் தண்டிலே துளையிட்டு, வடியும் நீரைச் சேர்த்துக் காய்ச்சிப் பாகாக்குவர். ஏறத்தாழ 40 லிட்டர் மரநீர் சுண்டினால் 1 லிட்டர் பாகு கிடைக்கும். ஐரோப்பியர் அங்குக் குடியேறுவதற்கு முன்பே அந்நிலத்துப் பழங்குடி மக்கள் இதனை அறிந்திருந்தனர். இன்றும் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்துவரும் குடும்பங்கள் அங்கே பல உள்ளன.

இத்தகைய குடும்பத் தொழிலைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நெய்வேலி நகரியத்தில் வாழும் நான், ஒரு பங்குனித் திங்களில், தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிப் பக்கம் சென்றிருந்தேன். செம்மண் தேரிகளுக்கு இடையே பனைகள் நிறைந்த ஒரு விளை; அதன் நடுவே ஓலையால் வேய்ந்த ஒரு குடில். இக்குடிலை அப்பகுதி மக்கள் விடிலி என்பர்.

பொழுது புலருமுன்னரே குடும்பத் தலைவர் மரம் ஏறத் தொடங்கிவிட்டார். காலிலே தளைநார், இடுப்பிலே பாளை அரிவாள் வைத்த பெட்டி. மேப்பிள் மரத்தைப்போலப் பனையின் தண்டைத் துளைத்து நீர் பெறுவதில்லை. பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லியதாகச் சீவ, நீர் துளித்துளியாகக் கலயத்தில் வடியும். ஆண்பனையை அலகுப்பனை என்றும், பெண்பனையைப் பருவப்பனை என்றும் கூறுவர். இரண்டுமே நீர் தருவன. உள்ளே வயிரமுடையதை மரம் என்றும், புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். அவ்வகையில் மேப்பிள் மரமாகும்; பனையோ புல்லினத்தைச் சேர்ந்தது. இக்காலத் தாவர நூலாரும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரு பெரும்பிரிவிலேயே சேர்த்துள்ளனர்.

இறக்கிய பதநீரை அவருடைய மனைவியார் வடிகட்டி அகன்ற பாத்திரத்தில் ஊற்றினார். காவோலையும் பன்னாடையும் அடுப்பிலே எரிந்தன. பொங்கி வழிய முற்பட்டபோது, தட்டிய ஆமணக்கு விதை சிறிதளவு இட்டார், நுரை அடங்கிற்று. நீர் சுண்டிக் கூப்பனி என்னும் பாகாயிற்று. அதில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்த்த பின், சிரட்டைகளில் வார்த்தார். ஏறத்தாழ 8 லிட்டர் பதநீர் ஒரு கிலோ கருப்பட்டியாகும் என்றார். “ஐயா, மரம் ஏறுவதை எல்லாரும் பார்க்கிறார்கள், அடுப்படியில் நிற்பதை யார் பார்க்கிறார்கள்?” என்று அவர் வினவியபோது, விடை கூற எனக்கு இயலவில்லை.

இத்தொழிலின் வரலாறு இனிப்பு மட்டும் உடையதன்று. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளிலே, மரம் ஏறிக் கள் இறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி என்னும் வரி குறிக்கப்படுகின்றது. பிற்காலத்துத் திருவிதாங்கூரிலே ஏணிக்கு ஏணிக்காணமும், தளைக்குத் தளைக்காணமும் வாங்கினர். உழைப்பவன் கருவிக்கும் வரி இருந்த காலம் அது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1849 இல் வெளியிட்ட நூலில் திருநெல்வேலிச் சீமையின் பனையேறிகள் வாழ்க்கையை விரித்துரைத்தார்.

1937 இல் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948 இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவிற்று. இங்கே ஒரு நுட்பத்தை மாணவர் அறிதல் வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நீர் புளிக்காமல் பதநீராகும், தடவாவிடில் கள்ளாகும். மரம் ஒன்றே, பாளையும் ஒன்றே. சிறிதளவு சுண்ணாம்பே சட்டத்திற்கும் குற்றத்திற்கும் இடையில் நின்றது. கள்ளுக்கு மாற்றாகப் பனைவெல்லத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று காந்தியடிகள் வற்புறுத்தினார். 1957 இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணைக்குழுவும் அதனைத் தன் பணிகளுள் ஒன்றாக மேற்கொண்டது.

அதே 1957 ஆம் ஆண்டு மே 20 ஆம் நாள், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணியை நேரு பெருமகனார் தொடங்கி வைத்தார். 1961 இல் நிலக்கரி வெளிப்பட்டது. 1962 இல் மின்சாரம் பிறந்தது. பல்லாயிரம் இல்லங்களில் விளக்கு எரிந்தது. அதற்காக ஊர்களும் வயல்களும் இடம் விட்டன. தோண்டி எடுத்த கரி மீண்டும் விளையாது. பனையோ தன் நீரைக் காய்ச்சுவதற்கான எரிபொருளையும் ஆண்டுதோறும் தானே உதிர்த்துத் தருகின்றது. நாட்டிற்கு மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்விரு அடுப்புகளையும் அருகருகே வைத்து நோக்குதல் நமக்கு நன்று.

1978 இல் பனை தமிழ்நாட்டின் மாநில மரமாக அறிவிக்கப்பெற்றது. எனினும் அதன் பின்னரும் செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பனைகள் வெட்டுண்டன. நீர் தரும் பருவம் எய்தப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்ட பனை, சூளையிலே சில நாழிகையில் சாம்பலாயிற்று. 2021 இல், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்று அரசு அறிவித்தது. பனை வளர்ப்புத் திட்டம் ஒன்றையும் தொடங்கிற்று. சட்டம் மரத்தைக் காக்கலாம். ஏறும் கலையையும் பதம் அறியும் கையையும் காப்பது எப்படி? உடன்குடிக் குடும்பத்தின் மகன் வெளியூரில் வேலை பார்க்கின்றான். அவனைக் குறை கூற நான் துணியேன். தவறினால் உயிருக்கே ஆபத்தான அவ்வுழைப்புக்குத் தக்க கூலியும், காப்பும், மதிப்பும் நாம் இன்னும் கொடுத்தோமில்லை.

ஆதலின் மாணவர்களே, விடுமுறையில் ஒரு விடிலிக்குச் சென்று வாருங்கள். கலப்பில்லாக் கருப்பட்டியை உரிய விலை கொடுத்து வாங்குங்கள். அடுப்படியில் நிற்கும் தாயாரிடம் பதம் எப்படி அறிவது என்று கேட்டு, அவர் கூறுவதை ஏட்டிலே எழுதி வையுங்கள். வரலாறு அரசர் பட்டயங்களில் மட்டும் இல்லை; அந்த அடுப்பின் அருகிலும் இருக்கின்றது.