தொண்டை மருந்தும் தகர வண்ணமும்

சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். பூந்தமல்லியை ஒட்டி, ஆவடிச் சாலை பிரியும் கரையான்சாவடியும் பெயரளவில் அத்தகைய ஓரிடமே. இன்றோ வண்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போகின்றன. அந்த நெருக்கத்தின் விலை, கார்க் கதவிலோ மட்கார்டிலோ ஒரு கீறல். பட்டறைக்குப் போகாமல், ஸ்பிரே டப்பா ஒன்றை வாங்கி வீட்டு வாசலிலேயே வண்ணம் அடித்துக்கொள்வோர் உண்டு. அந்தச் சிறு டப்பாவுக்குப் பின்னே நீண்டதொரு வரலாறு இருக்கிறது.

வண்ணம் தூவும் கருவியின் மூதாதை ஒரு மருத்துவக் கருவி. அமெரிக்காவின் டொலிடோ நகர மருத்துவர் ஆலன் டிவில்பிஸ், 1880களின் இறுதியில், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூவுவதற்காக அதைச் செய்தார். அவர் மகன் தாமஸ் 1907இல் அதே நெறியை வண்ணப்பூச்சுக்கு மாற்றி ஸ்பிரே கன்னை உருவாக்கினார்.

ஆயினும் கார்களுக்கு அன்று வாய்த்திருந்தது குதிரைவண்டிகளின் வண்ணமுறையே. சென்னையிலும், 1840இல் தொடங்கி வண்டி கட்டிவந்த சிம்சன் நிறுவனத்திலிருந்துதான் 1903இல் சாமுவேல் ஜான் கிரீனின் நீராவிக் கார் வந்தது. எண்ணெய் வார்னிஷைப் பூசி, உலரவிட்டு, தேய்த்து, மீண்டும் பூசவேண்டும். வாரக்கணக்கில் நீளும் வேலை அது. முதல் உலகப்போருக்கு வெடிமருந்து செய்து கொழித்த டூபான்ட் நிறுவனம், வெடிமருந்தின் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸைக் கொண்டே 1923இல் ‘டூகோ’ என்னும் வண்ணத்தை வெளியிட்டது. தூவுவதற்கு உகந்தது, வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. நம் பட்டறைகளிலும் அப்பெயர் கார் வண்ணத்திற்கே பொதுப்பெயராக வழங்கலாயிற்று.

1949இல் இல்லினாய் மாநிலத்து எட்வர்ட் சீமோர், தம் அலுமினிய வண்ணத்தை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக, மனைவி போனி சொன்ன யோசனைப்படி அதை அழுத்த டப்பாவில் அடைத்தார். கம்ப்ரசரும் கன்னும் கைக்குள் அடங்கின. ஓசோனைக் கெடுத்த பழைய உந்துவாயு 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்பாட்டுக்குப்பின் விலக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் இருப்பது எளிதில் தீப்பற்றும் வாயு. அருகில் நெருப்பு ஆகாது.

கருவி எளிதாயிற்றே தவிர வேலை எளிதாகவில்லை. பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வண்ணம், அதற்கும்மேல் கிளியர் கோட். ஒரு சாண் தள்ளி நின்று, கை நிற்காமல், மெல்லிய பூச்சுகளாக அடிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் வண்ணத்தின்மேல் பால்போல் வெண்மை படரும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிவதே காரணம். சித்திரை வெயிலிலோ துளிகள் காற்றிலேயே காய்ந்து, சொரசொரவென்று படியும். கார்த் தகட்டிலுள்ள வண்ண எண்ணைச் சரியாகக் கொடுத்து வாங்கினாலும், வெயிலில் வெளுத்த பழைய வண்ணத்தோடு புதியது ஒட்டாது. அதனால்தான் கைதேர்ந்தவர்கள் கீறலை மட்டும் மூடாமல், கதவு முழுவதையும் அதன் விளிம்புவரை அடிக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் ஒரு முரண் இருக்கிறது. தொண்டைக்கு மருந்தாகப் பிறந்த நெறி, தொண்டைக்கே பகையாயிற்று. டப்பாவின் கரைப்பான் ஆவி அரைமணியில் தலையைச் சுற்றவைக்கும். பட்டறைகளில் புழங்கும் இரு கூட்டு வண்ணத்தில் கெட்டிப்படுத்தியாகச் சேரும் ஐசோசயனேட் ஆஸ்துமாவையே வரவழைக்கக்கூடியது. கைக்குட்டை அதைத் தடுக்காது. அந்தக் கைக்குட்டையை மட்டும் மூக்கில் கட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்கள் நம் சாலையோரப் பட்டறைகளின் பெயின்டர்கள்.

அவர்களின் கூலியைக் கூடுதல் என்று பேரம் பேசுவோர், ஒரு கதவுக்கேனும் தாமே வண்ணம் அடித்துப் பார்ப்பது நல்லது. அப்போது விளங்கும், அந்தக் கூலியில் மூச்சுக்கென்று எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது.