குலுக்கல் சீட்டும் ஒரு கிலோமீட்டரும்

ஏப்ரல், மே வந்தால் நம் வளாகத்தில் வேலை செய்பவர்கள், வாடகைக்கு இருக்கும் இளம் தம்பதிகள் எனப் பலரும் கேட்பது ஒன்றுதான்: "சார், ஆர்.டி.இ.-ல அப்ளை பண்ணலாமா? குலுக்கல்ல விழுந்தா எடுத்துக்கலாமா, இல்ல கொஞ்சம் தூரமானாலும் வேற ஸ்கூல் பாத்துக்கலாமா?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. குலுக்கல் எப்படி வந்தது, அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் அவரவர் பதிலை அவரவரே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் பள்ளிக்கூடம் என்றாலே வெகுகாலம் நடந்து போகும் தூரம்தான். திண்ணைப் பள்ளிக்கூடம் தெருவிலேயே இருந்தது. 1920-ல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கத் தொடங்கியது. அப்போதைய கவலை பிள்ளை பள்ளிக்கு வருமா என்பதே தவிர, எந்தப் பள்ளி என்பதல்ல. காமராசர் காலத்து மதிய உணவும் புதிய பள்ளிகளும் அதே கவலைக்கான விடைகள்தாம்.

எந்தப் பள்ளி என்ற கேள்வி பிற்பாடு வந்தது. 1964-ல் அமைத்த கோத்தாரி ஆணையம் 1966-ல் அறிக்கை கொடுத்தபோது, ஏழை பணக்காரர் என்று பாராமல் ஒரு பகுதியின் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பகுதியின் பள்ளியிலேயே படிக்க வேண்டும், அருகமைப் பள்ளி முறைதான் நாட்டுக்கு வேண்டும் என்று சொன்னது. எல்லாரும் பாராட்டினார்கள், நடைமுறைக்கு வரவில்லை. எழுபதுகளுக்குப் பின் இங்கே மெட்ரிகுலேஷன் பள்ளிகள் பெருகின. வசதி உள்ளவர்கள் நல்ல பெயரெடுத்த பள்ளியைத் தேடிப் போனார்கள். சைக்கிள் ரிக்‌ஷா, பிறகு ஆட்டோ, பிறகு வேன். சென்னையில் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் நுழைந்தது அப்படித்தான்.

2002-ல் 86-ஆவது திருத்தம் மூலம் 6 முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை ஆனது. அதைச் செயல்படுத்தும் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் 12-ஆவது பிரிவு, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை அருகில் வசிக்கும் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. செலவை அரசு ஈடுகட்டும். ஆனால் பள்ளி வாங்கும் கட்டணம், அரசு ஒரு குழந்தைக்குச் செய்யும் செலவு, இரண்டில் எது குறைவோ அது மட்டும்.

"குலுக்கல் நடத்துங்கள்" என்று சட்டம் நேராகச் சொல்லவில்லை. ஒரு குழந்தையை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும் "வடிகட்டல்" என்று வரையறுத்துவிட்டு, அதற்கு ஒரே ஒரு விலக்கு வைத்தார்கள். பாரபட்சமில்லாத தற்செயல் தேர்வுதான் அந்த விலக்கு. வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த முறைகளுக்கு 50,000 வரை. அதாவது மூன்று வயதுக் குழந்தையிடம் ஏ, பி, சி கேட்கக் கூடாது, அப்பா என்ன வேலை என்று கேட்கக் கூடாது. எல்லா வழியையும் அடைத்துவிட்டால் மிச்சம் இருப்பது சீட்டு எடுப்பதுதான். 2012 ஏப்ரல் 12-ல் உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்றது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. நம் பகுதியில் பெயர் பெற்ற சில பள்ளிகள் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

தமிழ்நாட்டு விதிகள் 2011-ல் வந்தன. அருகமை என்பது இங்கே ஒரு கிலோமீட்டர். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை நடந்து போகக்கூடிய தூரம் என்ற பழைய கணக்குதான் அது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஒரு வகை. ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குக் கீழ் உள்ளவர்கள் இன்னொரு வகை. தூய்மைப் பணியாளர் பிள்ளைகள், ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை உண்டு. இது பலருக்குத் தெரியாது. நம் வளாகத்தில் தூய்மைப் பணி செய்பவர்களிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா?

தூரத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்பதில் மற்ற ஊர்களும் தடுமாறியிருக்கின்றன. டெல்லியில் இந்த இடங்களுக்கான கணினிக் குலுக்கலில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர் முதலில், பிறகு மூன்று, பிறகு ஆறு என்று வளையம் வளையமாகப் போவார்கள். பொது இடங்களுக்கு 2013 டிசம்பரில் நூறு மதிப்பெண் முறை கொண்டுவந்து, அதில் 70-ஐ அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நவம்பரிலேயே உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

அமெரிக்காவின் பாஸ்டன் கதை இன்னும் சுவையானது. பிள்ளைகளைப் பார்க்க அங்கே போய்வந்தவர்கள் நம்மில் சிலர் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1974-ல் ஒரு கூட்டாட்சி நீதிபதி, கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி ஊர் மாற்றிப் படிக்க வைக்க உத்தரவிட்டார். தெற்கு பாஸ்டனில் பஸ்கள் மீது கல்லெறிந்தார்கள். எண்பதுகளின் இறுதியில் நகரத்தை மூன்று மண்டலமாக்கி, பெற்றோர் விரும்பும் பள்ளிகளை வரிசைப்படுத்த, குலுக்கல் எண்ணை வைத்துக் கணினி இடம் ஒதுக்கியது. பிற்பாடு ஒவ்வொரு பள்ளியிலும் பாதி இடம் நடந்து வரும் தூரத்துப் பிள்ளைகளுக்கு என்று வைத்தார்கள். நியாயமாகத்தானே தெரிகிறது? பொருளாதார அறிஞர்கள் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த முன்னுரிமையால் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரிந்தது. காரணம், எந்தப் பாதியை முதலில் நிரப்புவது என்பதில் இருந்தது. அக்கம்பக்கத்தில் நல்ல எண் கிடைத்தவர்களெல்லாம் ஒதுக்கீட்டுப் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். பொதுப் பாதிக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் மிஞ்சியவர்கள் மோசமான எண்காரர்கள்; ஆகவே அதை வெளியாட்களே எடுத்துக்கொள்வார்கள். கூட்டிப் பார்த்தால் ஒதுக்கீடே இல்லாத மாதிரிதான். வங்கியில் எந்தக் கவுண்டரை முதலில் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2013-ல் அந்த ஊர் அந்த முன்னுரிமையையும் மூன்று மண்டலங்களையும் கைவிட்டு, வீட்டு முகவரியை வைத்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப் பள்ளிப் பட்டியல் தரும் முறைக்கு மாறியது.

நம் ஊருக்கு வருவோம். தூரத்தின் விலை என்ன? எட்டு கிலோமீட்டரில் ஒரு பள்ளி, காலையில் முக்கால் மணி, மாலையில் முக்கால் மணி என்று வையுங்கள். ஆண்டுக்கு 210 வேலை நாள் என்றால் 315 மணி நேரம் பிள்ளை வேனில் இருக்கிறது. தூக்கத்திலிருந்தோ விளையாட்டிலிருந்தோதான் அந்த நேரம் போகிறது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தது நினைவிருக்கும். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனிச் சிறப்பு விதிகள் வந்தன. அந்த விதிகளுக்கு உட்படாத ஷேர் ஆட்டோவில் இன்றும் எத்தனை பிள்ளைகள் என்று காலை எட்டு மணிக்கு நம் கேட்டருகே நின்றால் எண்ணிவிடலாம்.

ஆனால் ஒரு கிலோமீட்டர் என்பதும் எல்லாருக்கும் ஒரே ஒரு கிலோமீட்டர் அல்ல. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று கூவம், அடையாறு கரையோரக் குடும்பங்களை இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக் குடியேற்றினார்கள். பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளைகள் விடியலில் பஸ் ஏறினார்கள். பலர் படிப்பை நிறுத்தினார்கள். அங்கே நின்று ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் அகப்படும் பள்ளிகள் வேறு; மயிலாப்பூரில் நின்று போட்டால் வேறு. குலுக்கல் நேர்மையானதாகவே இருந்தாலும், எந்தப் பெட்டியில் சீட்டுப் போடலாம் என்பதை முகவரி முன்பே தீர்மானித்துவிடுகிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எல்.கே.ஜி.யில் கிடைத்த இடம் எட்டாம் வகுப்பு வரை, அதாவது பத்து ஆண்டுகள். வாடகை ஒப்பந்தமோ பதினொரு மாதம். வீட்டை மாற்றினால் இடம் கூடவே வராது. புதிய வட்டத்தில் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் குலுக்கல் கிடையாது. ஆகவே நடக்கும் தூரம் என்று தொடங்கியது நான்காம் ஆண்டில் வேன் தூரமாகிவிடும், வேன் கட்டணத்தை அரசு ஈடுகட்டாது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணமும் வரும். என்னைக் கேட்டால், இன்னும் நான்கைந்து ஆண்டு இதே பகுதியில் இருப்போம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் குலுக்கலுக்குத் தயங்கவே வேண்டாம். அந்த உறுதி இல்லாதவர்கள், நடந்து போகக்கூடிய மாநகராட்சிப் பள்ளியை முதலில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். விழுந்த சீட்டுக்காகப் பத்து ஆண்டு ஓடுவதை விட அது மோசமில்லை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அடுத்த இதழுக்கு எழுதலாம்.

2025-26-ல் மத்திய நிதி வராததால் சேர்க்கை தள்ளிப்போய், நீதிமன்றம் வரை சென்று, அக்டோபரில்தான் தொடங்கியது. அதனால் இனி அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறப்புச் சான்று, சாதி அல்லது வருமானச் சான்று, முகவரிச் சான்று இவற்றைத் தயாராக வைத்திருங்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பலரும் வாய்மொழியாகவே வாடகைக்கு விடுகிறீர்கள். குடியிருப்பவருக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, பதிவும் செய்து கொடுத்தால் அவர் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ள முடியும். அது பழைய முகவரியிலேயே கிடந்தால், அவர் குழந்தை விண்ணப்பிக்க முடிவது பழைய வீட்டைச் சுற்றிய பள்ளிகளுக்குத்தான்.