புதிய கேரவன் ஒப்படைப்புச் சோதனை

படுக்கை, சமையல், கழிப்பறை வசதியுள்ள புதிய ஊர்தியை வாங்குபவரிடம் தருமுன் செய்யப்படும் இறுதிப் பரிசோதனை. இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கான தரநிலை ஏஐஎஸ்-124. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 126ஆம் விதி மாதிரி வண்டிக்கு ஒப்புதல் பெறச் சொல்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வாகனச் சோதனை பழகிய தொழில். மறைமலை நகரில் ஃபோர்டு 2022 வரை கார் தயாரித்தது. மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் இயங்குகிறது. கேரவனின் சிக்கல் வேறு: பெரும்பாலும் சேஸிஸ் ஓரிடத்தில் தயாராகும், பாடி வேறிடத்தில் கட்டப்படும். கைவேலை கூடுதல் என்பதால் ஒரே பட்டறையின் இரு வண்டிகள்கூட ஒன்றுபோல் அமைவதில்லை.

முதலில் பார்க்கவேண்டியது நீர்க்கசிவு. வடகிழக்குப் பருவமழையில் மாமல்லபுரம் சாலையில் நிற்கப்போகும் வண்டிக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. கூரையில் ஏசி பொருத்திய துளை, ஜன்னல் ரப்பர் ஆகியவற்றின்மேல் தண்ணீர் பீய்ச்சியபின் உள்ளே பிளைவுட் மூலைகளை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். மெத்தென்று அமுங்கினால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. உப்புக்காற்று முதலில் தின்பது வெல்டிங் ஓரங்களையும் திருகுகளையும். அங்கே பெயின்ட் விட்டுப்போயிருக்கக் கூடாது.

கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதுண்டு. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. ஆகவே தரைமட்டத்தில் காற்றுத்துளை அவசியம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பியே எடை போடவேண்டும்: 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

கடைசியாகக் காகிதங்கள். படிவம் 21 விற்பனைச் சான்று, படிவம் 22 சாலைத் தகுதிச் சான்று. இவற்றிலுள்ள சேஸிஸ் எண், வண்டியில் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்த எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும்.