பார்க்காத காருக்குக் கட்டிய அட்வான்ஸ் யாருடைய காசு?

“சேர், இப்ப ஒரு லட்சம் போட்டா வண்டிய வச்சிக்கிறேன். இல்லாட்டி அஸருக்கு இன்னொருத்தர் வாராரு.”

ஆசிரிய கலாசாலையில் என்னோடு படித்த நண்பர் ஒருவருக்கு வந்த அழைப்பு இது. அவர் இருப்பது அம்பாறை மாவட்டத்தில். கார் இருந்தது குருநாகலில். இணைய விளம்பரத்தில் எட்டுப் படங்கள், எல்லாம் கழுவித் துடைத்த கையோடு எடுத்தவை. “விபத்து எதுவும் இல்லை” என்று விற்பவர் வட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். மனைவியின் சீட்டுக் காசு கையில் இருந்தது. பாடவேளைக்கு இடையில் ஆசிரியர் அறையில் இருந்தவாறே ஒரு லட்சம் ரூபாவை அனுப்பி, “எனக்கே வைங்க, வேற ஆளுக்குக் குடுக்க வேணாம்” என்று ஒரு செய்தியும் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை இரவு பஸ்ஸில் போய் பொனட்டைத் திறந்தால் முன்பக்கத்தில் வெல்டிங் அடையாளம். கூடப்போன கராஜ் பாஸ் தலையை ஆட்டினார். நண்பர் காசைத் திருப்பிக் கேட்டார். விற்பவர் அவருடைய செய்தியையே எடுத்துக் காட்டினார். “நீங்க சொன்னதாலதான் ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். அட்வான்ஸ் திருப்புறதில்லை.” இரண்டு மணித்தியாலம் பேசியும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு லட்சத்தை விட மனமில்லாமல், நாற்பது லட்சத்துக்கு மேல் கொடுத்து அந்தக் காரையே வாங்கிக்கொண்டு வந்தார். படித்தவர், கணித ஆசிரியர். கணக்குத் தெரியாமல் செய்யவில்லை. கட்டிய காசு கண்ணை மறைத்துவிட்டது.

இப்படியான அவசரம் நம் நாட்டில் பெருகியதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய கார் கிடைப்பதே பெரிய விடயமாகி, விற்பவர் வைத்ததே சட்டமானது. இறக்குமதி திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

சிக்கலின் வேர் “அட்வான்ஸ்” என்ற சொல்லில் இருக்கிறது. வாங்குபவர் அதைச் சொல்லும்போது, “நான் வந்து பார்க்கும்வரை மறித்து வையுங்கள்” என்று நினைக்கிறார். விற்பவரோ “விலை பேசி முடிந்தது, இது அதன் முதல் பகுதி” என்று நினைக்கிறார். இரண்டும் இரண்டு வேறு கொடுக்கல் வாங்கல்கள். காசு போகும்போது எது என்று யாரும் கேட்பதில்லை, வாகனத்தைப் பார்த்த பிறகுதான் கேட்கிறோம்.

நாட்டுச் சட்டத்தில் இதற்குப் பாரதூரமான விளைவு உண்டு. நமது பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி வாய்ப்பேச்சு விற்பனை ஒன்றை நீதிமன்றத்தில் வலியுறுத்த வேண்டுமானால் எழுத்து இருக்க வேண்டும், அல்லது பொருளில் ஒரு பகுதியையாவது ஏற்றுக் கைக்கொண்டிருக்க வேண்டும், அல்லது விலையில் ஒரு பகுதியாவது செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஆக, நீங்கள் விலையின் பகுதியாக அனுப்பும் காசு விற்பவரை மட்டும் கட்டவில்லை, உங்களையும் கட்டுகிறது. அதே சட்டம் வாங்குபவருக்கும் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. விபரம் சொல்லி விற்கப்படும் பொருள் அந்த விபரத்துக்குப் பொருந்த வேண்டும். விளம்பரத்தையும் செய்திகளையும் பாதுகாத்து வைக்க வேண்டியது இதனால்தான்.

மார்க்கத்தின் பக்கமும் பார்ப்போம். நான் மௌலவி அல்ல, உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். நம்மில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பார்க்காத பொருளின் விற்பனை செல்லாது என்பதே வலுவான கருத்தாக இமாம் நவவியின் மின்ஹாஜில் இருக்கிறது. ஹனபி மத்ஹபில் அது செல்லும், ஆனால் பார்த்த பின் விட்டுவிடும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. பாதை இரண்டானாலும், பார்க்குமுன் வாங்குபவரை மாட்டிவைக்க இரண்டுமே இடம் கொடுக்கவில்லை. நம் வாகனச் சந்தையோ நேரெதிராக நடக்கிறது.

“வாங்காவிட்டால் முற்பணம் விற்பவருக்கே” என்ற நிபந்தனைக்கு பிக்ஹில் அர்பூன் என்று பெயர். பெரும்பான்மை இமாம்கள் அதை ஏற்கவில்லை, இமாம் அஹ்மத் அனுமதித்தார்கள். அவர்கள் காட்டும் ஆதாரம் சுவையானது. உமர் (ரழி) அவர்களின் மக்கா ஆளுநர் நாபிஃ, சிறைச்சாலைக்காக ஸஃப்வான் பின் உமைய்யாவிடம் ஒரு வீட்டைப் பேசினார். உமர் சம்மதித்தால் விற்பனை, சம்மதிக்காவிட்டால் ஸஃப்வானுக்கு 400 என்பது பேச்சு. கவனியுங்கள், சம்மதிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது முதலிலேயே சொல்லப்பட்டிருந்தது. 1993 இல் புருணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் எக்கடமியும், காத்திருக்கும் காலம் குறிக்கப்பட்டிருந்தால் அர்பூன் கூடும் என்றே தீர்மானித்தது. ஒப்பந்தத்துக்கு முன் “நான் உண்மையாகவே வாங்க வருகிறேன்” என்று காட்டக் கொடுக்கும் காசு இதிலிருந்து வேறானது. இஸ்லாமிய வங்கிகள் அதை ஹாமிஷ் ஜித்திய்யா என்கின்றன. அது அமானிதம். வாக்குறுதியை மீறியதால் உண்மையாக ஏற்பட்ட நட்டத்தைத் தவிர அதில் கைவைக்க முடியாது. என் நண்பர் மனதில் கொடுத்தது இது, விற்பவர் வாங்கியது அர்பூன்.

அதனால் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டவே கூடாது என்பது என் நிலைப்பாடு. நல்ல காராக இருந்தால் போய்விடுமே என்பார்கள். போகட்டும், அதைவிட நல்லது வரும். விற்பவரின் ஊரிலேயே ஒரு கராஜ் பாஸைப் பிடித்துக் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்வது ஒரு லட்சத்தை விட எவ்வளவோ மலிவு. அந்தப் பகுதிப் பாடசாலையில் உங்களுக்குத் தெரிந்த ஒருவராவது இருப்பார்.

வேறு வழியே இல்லை என்றால், காசு போகுமுன் சில விடயங்களைப் பாருங்கள். பதிவுச் சான்றிதழின் படத்தைக் கேளுங்கள். அதிலுள்ள பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் பேசுபவர் புரோக்கராக இருக்கலாம், அல்லது வாகனம் ‘ஓப்பன் பேப்பரில்’ கைமாறி வந்ததாக இருக்கலாம். யாரோ ஒருவர் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தை நம்பி நீங்கள் காசு கட்டப் போகிறீர்கள். சான்றிதழில் முற்றுரிமையாளராக லீசிங் நிறுவனம் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சிலர் உங்கள் அட்வான்ஸை வாங்கித்தான் தங்கள் தவணைப் பாக்கியைக் கட்டுகிறார்கள். நிறுவனம் வாகனத்தை இழுத்துக்கொண்டு போனால் உங்கள் காசைத் தேடவேண்டியதும் நீங்கள்தான். மிச்சத் தொகையைக் காட்டும் நிறுவனத்தின் கடிதத்தைக் கேளுங்கள். இலக்கத் தகட்டில் தொடங்கி செஸி இலக்கம் வரை வெட்டாமல் எடுத்த வீடியோ ஒன்றையும் கேளுங்கள். வாகனமே இல்லாமல் படத்தை மட்டும் வைத்துக் காசு பறிப்பவர் இந்த இடத்தில் சாக்குச் சொல்லத் தொடங்குவார்.

பிறகு தொகை. பத்தாயிரம் போதும். பத்தாயிரத்துக்கு மறித்து வைக்காதவர் உங்களை வாங்குபவராகவே எண்ணவில்லை. அனுப்புமுன் இப்படி எழுதுங்கள்:

“இந்த இலக்க வாகனத்தைப் பார்ப்பதற்காக மறித்து வைக்க 10,000 ரூபா அனுப்புகிறேன். ஞாயிறு அஸருக்குள் வந்து பார்ப்பேன். பார்த்துப் பிடிக்காவிட்டால் முழுவதையும் அன்றே திருப்பித் தரவேண்டும். வாங்கினால் விலையில் கழியும். ஞாயிறு நான் வராவிட்டால் நீங்கள் வேறு ஆளுக்கு விற்கலாம். சம்மதமா?”

“சம்மதம்” என்று பதில் வந்த பின்பே காசு. விற்பவருக்கும் இது நல்லது, எத்தனை நாள் காத்திருப்பது என்று அவருக்கும் தெரியும். இந்த ஐந்து வரியை எழுத வெட்கப்பட்டுத்தான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். “முஸ்லிம் ஆள்தானே, நம்பிக்கைதானே” என்பார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன குர்ஆன் வசனம் முஃமின்களை அழைத்துத்தான் சொன்னது.

ஏற்கனவே கட்டிவிட்டீர்களா? வாகனமே இல்லை, ஆளும் இல்லை என்றால் அது மோசடி, தாமதிக்காமல் பொலிஸில் முறையிடுங்கள். வாகனம் இருந்து, பேச்சில்தான் முரண்பாடு என்றால் அது குடியியல் பிணக்கு என்று பொலிஸில் சொல்லிவிடக்கூடும். அதற்கு 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. சட்டத்தரணி தேவையில்லை. விற்றவர் வியாபாரி என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். எங்கே போனாலும் வங்கிப் பற்றுச்சீட்டும் செய்திகளின் பிரதியும் கேட்பார்கள். என் நண்பர் கார் வாங்கிய மறுமாதம் தொலைபேசியை மாற்றினார். “விபத்து எதுவும் இல்லை” என்று விற்றவர் எழுதியது பழைய தொலைபேசியோடு போய்விட்டது.