மனச்சிதைவு நோயும் மரபு வேறுபாடுகளும்: ஒரு கருத்தாக்கத்தின் வரலாறு

முன்னுரை

மனச்சிதைவு நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து காணப்படுவதை உளமருத்துவம் நூறாண்டுகளுக்கு மேலாக அறிந்துள்ளது. அது எவ்வாறு தொடர்கிறது என்னும் வினாவுக்கான விடைகளோ காலந்தோறும் மாறிவந்துள்ளன. அவற்றுள் ஒன்று அரசின் சட்டமாகவும் உருப்பெற்றது. ஒற்றை மரபணு என்னும் கருத்திலிருந்து பல்மரபணு என்னும் கருத்துக்கு ஆய்வுலகம் வந்தடைந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கணக்கும் சட்டமும்

செருமானிய மருத்துவர் எமில் கிரெப்பெலின் 'டிமென்ஷியா பிரேகாக்ஸ்' என வகைப்படுத்திய நோய்க்கு, சுவிட்சர்லாந்தின் ஆய்கன் ப்ளாய்லர் 1908இல் 'ஸ்கிசோஃப்ரினியா' எனப் பெயரிட்டார். கிரெப்பெலினிடம் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ரூடின், நோயாளிகளின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்து 1916இல் தம் ஆய்வை வெளியிட்டார். பெற்றோர் இருவரும் நோயற்றிருந்த குடும்பங்களில் உடன்பிறந்தாருள் சுமார் 4.5 விழுக்காட்டினரே பாதிக்கப்பட்டிருந்தனர். ஒற்றை ஒடுங்கு மரபணுவே காரணமெனில், மெண்டல் விதிப்படி அவ்வளவு 25 விழுக்காட்டை ஒட்டியிருத்தல் வேண்டும். எளிய மரபுவழி விளக்கத்துக்கு ரூடினின் தரவுகளே இடந்தரவில்லை.

எனினும், 1933 சூலை 14இல் நாஜி அரசு இயற்றிய கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப்பட்டியலில் மனச்சிதைவு இடம்பெற்றது. அச்சட்டத்துக்கு விளக்கவுரை எழுதிய மூவருள் ரூடினும் ஒருவர். 1945ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடைக்கு உள்ளாக்கப்பட்டனர். 1940-41இல் உளநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாகச் சுமார் 70,000 பேர் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். ஆயினும், போருக்குப் பிந்தைய செருமனியில் புதிதாக நோயுறுவோர் விகிதம் குறையவில்லை என்பதை டோரி, யோல்கன் ஆகியோர் 2010இல் எடுத்துக்காட்டினர். நோயாளிகளுள் பெரும்பாலோர் நோயற்ற பெற்றோருக்குப் பிறந்தவர்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

பல்மரபணுக் கொள்கை

போருக்குப் பின் வளர்ப்புமுறையே நோய்க்குக் காரணம் என்னும் கருத்து மேலோங்கியது. 1966இல் அமெரிக்காவின் லெனார்ட் ஹெஸ்டன், நோயுற்ற தாய்மாரிடமிருந்து பிறந்தவுடன் பிரிக்கப்பட்ட 47 பேரை ஆராய்ந்தார். அவர்களுள் ஐவர் மனச்சிதைவுக்கு ஆளாகியிருந்தனர்; ஒப்பீட்டுக் குழுவின் 50 பேருள் ஒருவரும் ஆளாகவில்லை. மரபின் பங்கு இதனால் உறுதிப்பட்டது. மறுஆண்டு காட்டஸ்மன், ஷீல்ட்ஸ் ஆகியோர், சிறு விளைவுடைய பல மரபணுக்கள் ஒன்றுசேர்ந்தே நோய்வாய்ப்பை உயர்த்துகின்றன என்னும் கொள்கையை முன்வைத்தனர்.

ஆயினும் ஒற்றை மரபணுத் தேடல் ஓயவில்லை. 5ஆம் குரோமோசோமில் காரணம் உள்ளதென 1988இல் வெளியான முடிவைப் பின்வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பல்மரபணுக் கொள்கைக்கு 2009இல் மூலக்கூற்றுச் சான்று கிடைத்தது. 2014இல் ஏறத்தாழ 37,000 நோயாளிகளின் மரபணுத்தொகுதிகளை ஆராய்ந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு 108 இடங்களைக் கண்டறிந்தது. 2022இல் அவ்வெண்ணிக்கை 287 ஆயிற்று. இவற்றுள் ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறிது. 22ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இழப்புப் போன்ற அரிய மாற்றங்களே நோய்வாய்ப்பைப் பன்மடங்கு உயர்த்துகின்றன. அவ்விழப்புடையோருள்ளும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே நோய் தோன்றுகிறது.

தமிழகத் தரவு

இவ்வாய்வுகளின் மாதிரிகளுள் பெரும்பகுதி ஐரோப்பிய மரபினருடையது. ஆதலால் அவற்றின்வழிக் கணிக்கப்படும் பல்மரபணு மதிப்பெண்கள் பிற மக்களினங்களிடம் குறைந்த அளவே பொருந்துகின்றன. இப்பின்னணியில், தமிழகத்தில் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு 2019இல் வெளியான முழுமரபணுத்தொகுதி ஆய்வு முதன்மை பெறுகிறது. அது 8ஆம் குரோமோசோமில், நியாசின் வளர்சிதை மாற்றத்தோடு தொடர்புடைய ஓரிடத்தைச் சுட்டியது.

முடிவுரை

மரபு வேறுபாடுகள் நோய்வாய்ப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், நோயை விதிப்பதில்லை. ஒருகரு இரட்டையருள் ஒருவர் நோயுற்றும் மற்றவர் நோயற்றிருப்பது இதற்குத் தக்க சான்று. சிறு விளைவுடைய வேறுபாடுகள் நோயற்றோரிடமும் பரவிக் கிடப்பதால், 'நோய் மரபினர்' எனத் தனியொரு பிரிவினரைச் சுட்ட இயலாது. 1933ஆம் ஆண்டுச் சட்டம் அறத்திற்கு மட்டுமன்றி, அது துணைக்கழைத்த அறிவியலுக்கும் முரணானது. திருமணப் பேச்சிலும் காப்பீட்டிலும் மரபணுச் சோதனை நுழையக்கூடிய இக்காலத்தில் இவ்வரலாறு மறக்கத்தக்கதன்று.