கம்பியின் மறுமுனையில் யார்?

கண்டி நகரிலிருந்து தலாத்துஓயா செல்லும் சாலையில், நகரெல்லையைக் கடந்த சிறிது தொலைவில் அம்பிட்டிய அமைந்துள்ளது. 1893ஆம் ஆண்டில் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இவ்வூரில் நிறுவிய குருமடத்திற் பயில இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்தனர். 1955ஆம் ஆண்டில் அம்மடம் பூனா நகருக்கு மாறிச் சென்றது. அங்கே கற்பிக்கும் மொழி இலத்தீன். அதனைக் கற்றவர்க்கு உரோமாபுரியும் அயலூரே. ஆனால் அதே சாலை மேலேறிச் செல்லும் மலைத்தோட்டங்களில் உழைத்தோர், தம் பெயருக்கெதிரே எழுதப்பட்ட கணக்கையும் வாசிக்க இயலாதிருந்தனர். செய்தி ஓடும் வழி ஒன்று, அதனை வாசிக்கும் உரிமை வேறொன்று என்பதை இவ்வேற்றுமை நமக்கு உணர்த்துகிறது.

தரவுத் தொடர்பாடல் கணினியோடு பிறந்த புதுமை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1854ஆம் ஆண்டிலேயே தோட்டத்துரைமார் கண்டியில் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கொண்டனர். அக்காலத்தில் காலித் துறைமுகத்துக்குக் கப்பலில் வந்த ஐரோப்பியச் செய்திகளைச் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகை புறாக்களின் மூலம் கொழும்புக்கு எடுப்பித்தது. 1858ஆம் ஆண்டில் கொழும்பையும் காலியையும் தந்திக்கம்பி இணைத்தது. புறாக்களுக்கு ஓய்வு கிடைத்தது. 1867ஆம் ஆண்டில் புகைவண்டி கண்டியை எட்டிற்று. கோப்பி விலை பற்றிய செய்தி இவ்வாறு விரைந்து பயணஞ் செய்த அதே ஆண்டுகளில், அக்கோப்பியைப் பறிக்க வந்த தமிழ் மக்கள் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே மாண்டவர் பலர்.

செய்தி விரைந்தது, மனிதர் நடந்தனர். எனினும் அம்மனிதரைப் பற்றிய தரவுகள் நடக்கவில்லை. 'துண்டு' என்ற சிறு காகிதத்தை மலையகம் எளிதில் மறவாது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் மற்றொரு தோட்டத்துக்கு எழுதிய சீட்டு அது. அச்சீட்டின்றி அவன் வேறிடத்தில் வேலை பெறுதல் அரிது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்படும் வரை ஒருவனது வாழ்வு அவனால் வாசிக்க முடியாத ஒரு தாளிலே அடங்கிக் கிடந்தது. இதனை வணிகத் தரவுத் தொடர்பாடல் என்று கூறாமல் வேறு எவ்வாறு கூறுவது? எழுதியவர், அனுப்பியவர், பெற்றவர் அனைவரும் ஒரே வர்க்கத்தார். எழுதப்பட்டவன் மட்டுமே வெளியே நின்றான்.

கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடைபெற்றது. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாய்மொழிக் கூவலாக நிகழ்ந்த அவ்வேலம், 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கொள்ளைநோய் ஊரடங்கின் நடுவே கணினி வலையமைப்புக்கு மாறிற்று. தேவை எழுந்தபோது சில நாட்களில் மாற்றம் கைகூடியதைக் கண்டோம். ஆனால் 2015ஆம் ஆண்டில் எழுந்த, நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்னும் கூலிக் கோரிக்கை வர்த்தமானியில் ஏறியது 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலேதான். வலையமைப்பின் விரைவு யாருக்கு உரியது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். குற்றம் கருவியுடையதன்று. 1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் இங்கிலாந்தில் டொனால்டு டேவிசும் தனித்தனியே கண்ட வழி யாது? ஒரு செய்தியைச் சிறு பொதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் சேருமிடத்தின் முகவரியை எழுதி அனுப்புதல். ஒரு வழி அறுந்தால் பொதி மறுவழியிற் செல்லும்; சேருமிடத்தில் அனைத்தும் ஒன்றாகும். எந்திரங்கள் தம்முட் பேசுவதற்கு வகுத்த பொதுவிதியே நடப்பொழுங்கு. இவ்வமைப்பில் துரை முனை என்றும் கூலி முனை என்றும் இல்லை; எம்முனையும் பேசலாம், எம்முனையும் கேட்கலாம். சமத்துவமின்மை கம்பியில் இல்லை. கம்பியை உடைமையாக்கிக் கொண்ட சமுதாயத்தில் இருக்கிறது.

மாற்றுவழி இல்லாமலில்லை. வணிக இணையம் 1995ஆம் ஆண்டில் இந்நாட்டில் தொடங்குவதற்கு முன்பே, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோரின் முயற்சியால் பல்கலைக்கழகங்களிடையே மின்னஞ்சல் வழங்கிற்று. இலாபம் கருதாத அந்தக் கல்வி வலையமைப்பு இன்று பேராதனையையும் ஏனைய பல்கலைக்கழகங்களையும் இணைத்து நிற்கிறது. கொத்மலைச் சமூக வானொலியோ 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையுடன் இன்னொரு வழி காட்டிற்று. கேட்போர் விடுத்த வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி, மக்கள் மொழியில் எடுத்துரைத்தது. கணினி இல்லாத வீட்டுக்கும் வலையமைப்புச் சென்றது.

ஆதலின் கல்வியே இன்று நம்முன் நிற்கும் கேள்வி. உயர்தர வகுப்பில் தரவுத் தொடர்பாடலும் வலையமைப்பும் தமிழிலும் கற்பிக்கப்படுகின்றன. இது சிறிய வெற்றியன்று. எனினும் பாடத்திட்டம் இருந்தால் போதுமா? கற்பிக்கும் ஆசிரியரும், கணினியும், சமிக்ஞையும் வேண்டாமா? பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் இந்நாட்டின் மலைக் கிராமங்களில் பாடம் பெறுவதற்காக மாணவர் மரத்திலும் குன்றிலும் ஏறியதை நாம் மறக்கலாகாது.

மாணவரிடம் ஆசிரியர் பொதி, முகவரி, நடப்பொழுங்கு என்பவற்றின் இலக்கணத்தோடு நின்றுவிடலாகாது. இத்தரவு யாருடையது, எவ்வெந்திரத்தில் சேமிக்கப்படுகிறது, யார் திறந்து பார்க்கலாம் என்ற வினாக்களையும் எழுப்ப வேண்டும். கொழுந்து நிறுக்கும் தராசு மின்தராசாகியுள்ளது. ஆயின் அன்று விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்பதன் கணக்கைப் பறித்தவளும் சரிபார்க்க வேண்டாமா? தாய்க்கு அக்கணக்கை வாசித்துக் காட்டக்கூடிய மகள் ஒவ்வொரு லயத்திலிருந்தும் தோன்ற வேண்டும். துண்டுச் சீட்டு 1921ஆம் ஆண்டில் ஒழிந்தது. அது மின்னெழுத்தில் மீண்டும் பிறவாமற் காப்பது வகுப்பறையின் கடமை.